நாய்களுக்கான படிக்கட்டுப் பயிற்சி

நாய்களுக்கான படிக்கட்டுப் பயிற்சி என்பது, படிகளில் ஏறவோ இறங்கவோ அஞ்சும் நாயை வற்புறுத்தலின்றிச் சிறிது சிறிதாகப் பழக்கி, அது தானாகவே நிதானத்துடன் படிகளைக் கடக்கும்படி செய்யும் முறையாகும். குட்டிகள், தரைத்தள வாழ்க்கைக்கே பழகிய தெருநாய்கள், பந்தயங்களிலிருந்து ஓய்வுபெற்ற கிரேகவுண்டு நாய்கள், ஒருமுறை படியில் உருண்டு விழுந்த நாய்கள் ஆகியவற்றுக்கு இப்பயிற்சி பெரும்பாலும் தேவைப்படுகிறது. சிறிய நாயைக் கையில் தூக்கிச் செல்லலாம். 30 கிலோகிராம் எடையுள்ள நாயை நாள்தோறும் பலமுறை தூக்கிச் செல்வது பெரும்பாலோருக்கு இயலாது. மின்தூக்கி இயங்காத வேளையிலும், தீ விபத்து போன்ற நெருக்கடியிலும் படிக்கட்டே ஒரே வழியாகிறது. எனவே மாடி வீடுகளில் வளரும் நாய்க்கு இது பாதுகாப்புடன் தொடர்புடைய திறனும் ஆகும்.

அச்சத்தின் காரணங்கள்

பழக்கமின்மை

ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் ஆகிய இருவரும் நாய்க்குட்டிகளின் வளர்ச்சி குறித்து நீண்டகால ஆய்வுகளை மேற்கொண்டு, அவற்றின் முடிவுகளை 1965 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலம் குட்டியின் சமூகப் பழக்கத்துக்கு முக்கியமானது என்பது அவர்களின் முடிவுகளுள் ஒன்று. இக்காலத்தில் அறிமுகமாகும் மனிதர்கள், ஒலிகள், தரைப்பரப்புகள் போன்றவற்றை நாய் பிற்காலத்தில் இயல்பாக ஏற்கிறது. இக்காலத்தில் படிக்கட்டையே காணாத நாய்க்கு, அது வளர்ந்த பின்னர் எதிர்ப்படும் முதல் படிக்கட்டு அச்சமூட்டும் புதுப்பொருளாகத் தோன்றலாம்.

உடலமைப்பு

நிற்கும் நாயின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்கால்களும், 40 விழுக்காட்டைப் பின்கால்களும் தாங்குகின்றன. படி இறங்கும்போது எடை மேலும் முன்பக்கம் சாய்கிறது. தலை கீழ்நோக்கியும் இடுப்பு மேலேயும் இருப்பதால், நாய் முன்னே கவிழ்வது போன்ற நிலையை உணர்கிறது. ஏறக் கற்ற நாய்கள் பலவும் மேலே சென்றபின் இறங்க மறுத்து நிற்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். ஏறுதலும் இறங்குதலும் நாயைப் பொறுத்தவரை இருவேறு திறன்கள் ஆகும். ஒன்றைக் கற்றதால் மற்றொன்று தானாக வந்துவிடுவதில்லை.

சமதரையில் மட்டுமே நடந்த நாய்க்குப் பின்கால்களைப் பார்த்து வைக்கவேண்டிய தேவை எழுவதில்லை. முன்கால்கள் சென்ற வழியே பின்கால்களும் தொடர்கின்றன. படியிலோ நான்கு கால்களும் வெவ்வேறு உயரங்களில் ஊன்றவேண்டியிருப்பதால், பின்கால்களை எங்கே வைப்பது என்பது புதிய சிக்கலாகிறது.

படிக்கட்டின் அமைப்பு

மனிதக் காலடிக்கு ஏற்றவாறே படிகள் கட்டப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி குடியிருப்புக் கட்டடங்களில் ஒரு படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மிகாமலும், காலூன்றும் பரப்பின் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். பெரிய நாயின் உடல் ஒரே நேரத்தில் பல படிகளில் பரவி நிற்க வேண்டியுள்ளது. சிறிய நாய்க்கோ ஒரு படியே அதன் தோள் உயரத்துக்கு இருக்கலாம். மெருகூட்டிய பளிங்கு, கிரானைட்டு, ஓடு ஆகியவற்றாலான படிகளில் நகங்கள் பற்றாமல் வழுக்குகின்றன. படிகளுக்கிடையே அடைப்பில்லாத இரும்புப் படிக்கட்டுகளில் கீழே உள்ள வெற்றிடம் தெரிவதால் அச்சம் கூடுகிறது.

பார்வை

நாயின் விழித்திரையில் இருவகைக் கூம்பு உயிரணுக்களே உள்ளன. நீலத்தையும் மஞ்சளையும் அது எளிதில் வேறுபடுத்தி அறியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். ஒரே நிறத்தில் அமைந்த படிகளின் விளிம்புகள், குறிப்பாக மங்கிய ஒளியில், நாய்க்குத் தெளிவாகத் தெரிவதில்லை. முதிய நாய்களில் கண்புரை முதலியன இக்குறையை மிகுவிக்கின்றன.

வலி

முன்பு தயக்கமின்றிப் படியேறிய நாய் திடீரென மறுக்குமாயின், அதனை அச்சம் என்று கொள்ளும் முன்னர் வலி உள்ளதா என்று அறிதல் வேண்டும். லாப்ரடார், செருமன் செப்பர்டு போன்ற இனங்களில் இடுப்பு மூட்டுக் குறைபாடும், சிறிய இனங்களில் முழங்காற் சில்லு விலகலும், டாக்சண்டு போன்ற நீண்ட முதுகுடைய இனங்களில் முதுகெலும்பு இடைவட்டு நோயும் மிகுதியாகக் காணப்படுகின்றன. இந்நிலைகளில் பயிற்சி பயன் தராது, தீங்கும் விளைவிக்கலாம். எனவே கால்நடை மருத்துவரின் பரிசோதனையே முதற்படியாகும்.

கோட்பாட்டு அடிப்படை

இப்பயிற்சி கற்றல் உளவியலின் இரு கிளைகளைச் சார்ந்துள்ளது. முதலாவது, உருசிய உடலியங்கியலாளர் இவான் பாவ்லோவ் நாய்களைக் கொண்டு விளக்கிய ஆக்கநிலையுறுத்தல். உணவுடன் மீண்டும் மீண்டும் இணைந்து வரும் ஒரு தூண்டல், காலப்போக்கில் உணவுக்குரிய எதிர்வினையைத் தானே எழுப்புகிறது என்பது இதன் சாரம். இரண்டாவது, பி. எஃப். ஸ்கின்னர் 1938 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரித்துரைத்த செயல்வழிக் கற்றல். நன்மை பயக்கும் விளைவைப் பெறும் செயல் மீண்டும் நிகழ்கிறது என்பது இதன் சாரம்.

அச்சத்தைப் போக்குவதற்கு இக்கருத்துகளை முதலில் பயன்படுத்தியோருள் மேரி கவர் ஜோன்சு குறிப்பிடத்தக்கவர். முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவன் விரும்பிய உணவை உண்ணும்போது, முயலைத் தொலைவில் வைத்துச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அவனது அச்சத்தைப் போக்கியதை அவர் 1924 இல் வெளியிட்டார். தென்னாப்பிரிக்க உளமருத்துவர் ஜோசப் வோல்பே 1958 இல் வெளியிட்ட நூல் இம்முறையை ஒழுங்குபடுத்தியது. அச்சப் பொருளை மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதும், ஒவ்வொரு நிலையிலும் அச்சத்துக்கு மாறான இனிய நிலையை ஏற்படுத்துவதும் அதன் இரு கூறுகள். நாயைப் பொறுத்தவரை உணவே பெரும்பாலும் இரண்டாவது கூறாகிறது.

வற்புறுத்தல் ஏன் பயனளிப்பதில்லை

கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துச் சென்றால் நாய் "பழகிவிடும்" என்ற கருத்து பரவலாக உள்ளது. சிலமுறை இழுக்கப்பட்ட நாய் எதிர்ப்பதை நிறுத்தி உடன் வருவதுண்டு. ஆயின் இது கற்றலின் அடையாளம் அன்று. 1967 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், இசுட்டீவன் மையர் ஆகியோர் நடத்திய ஆய்வில், தம்மால் தடுக்க இயலாத மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்களில் பெரும்பாலானவை, பின்னர் தப்பிக்க வழியிருந்தும் முயலாமல் படுத்துக்கிடந்தன. இந்நிலை "கற்றறிந்த இயலாமை" எனப் பெயர்பெற்றது. அதே ஆய்வாளர்கள் 2016 இல் எழுதிய கட்டுரையில் தம் விளக்கத்தைத் திருத்திக்கொண்டனர். நீடித்த துன்பத்தின்போது செயலற்றிருப்பதே உயிரினத்தின் இயல்பான எதிர்வினை என்றும், நிலைமை தன் கட்டுப்பாட்டில் உள்ளது என்பதே கற்கப்படுகிறது என்றும் அவர்கள் விளக்கினர்.

இது படிக்கட்டுப் பயிற்சிக்கு நேரடியாகப் பொருந்துகிறது. விரும்பியபோது திரும்பிச் செல்ல இயலும் என்று அறிந்த நாயே அடுத்த படியில் துணிந்து கால்வைக்கும். ஆகவே திரும்பிச் செல்ல விடுவது பயிற்சியின் தோல்வி ஆகாது. அது பயிற்சியின் ஒரு பகுதியே.

முன்னேற்பாடுகள்

* முதற் பயிற்சிக்கு அகலமான, உயரம் குறைந்த, இருபுறமும் அடைப்புள்ள, மூன்று அல்லது நான்கு படிகளே கொண்ட இடம் ஏற்றது. வீட்டு வாயிற்படிகளும் பூங்காப் படிகளும் இதற்குப் பயன்படும்.
* வழுக்கும் படிகளில் இரப்பர் விரிப்பு அல்லது சொரசொரப்பான ஒட்டுநாடா பொருத்தப்பட வேண்டும். விளிம்பைக் காட்டும் நாடா மஞ்சளாகவோ நீலமாகவோ, படியின் நிறத்திலிருந்து நன்கு வேறுபட்டதாகவோ இருத்தல் நன்று.
* நீண்ட நகங்களும், பாதத்தின் அடியில் வளர்ந்த முடியும் வழுக்கலை மிகுவிப்பதால் அவற்றை வெட்டிவிட வேண்டும்.
* கழுத்துப்பட்டைக்கு மாற்றாக மார்புப்பட்டை அணிவிக்கப்படுகிறது. தடுமாறும் நாயைக் கழுத்தை நெரிக்காமல் தாங்க இது உதவும். கயிறு எப்போதும் தளர்வாகவே இருக்க வேண்டும்.
* நாய் மிகவும் விரும்பும் உணவு, பட்டாணி அளவுத் துண்டுகளாகத் தேவை. அதன் அளவை அன்றாட உணவில் குறைத்துக்கொள்ளலாம்.
* வயிறார உண்ட உடனேயும், களைத்திருக்கும்போதும் பயிற்சி தரலாகாது.

பயிற்சி முறை

ஒரு பயிற்சி வேளை மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் நீடித்தால் போதும். நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று வேளைகள் நடத்தலாம். ஒரு நிலையில் நாய் உடல் தளர்வுடன் பலமுறை செய்துகாட்டிய பின்னரே அடுத்த நிலைக்குச் செல்ல வேண்டும்.

1. பின்கால் பழக்கம். சமதரையில் ஏணியைக் கிடத்தி, அதன் குறுக்குச் சட்டங்களுக்கிடையே நாய் மெல்ல நடக்கப் பழக்கப்படுகிறது. உறுதியாக வைக்கப்பட்ட தாழ்வான பலகையின்மீது நான்கு கால்களையும் வைத்து நிற்பதும் இந்நிலையில் அடங்கும்.
2. அருகாமை. படிக்கட்டை நோக்கி நாய் தானாகப் பார்த்தாலோ முகர்ந்தாலோ உணவு தரப்படுகிறது. ஏறும்படி கேட்கப்படுவதில்லை.
3. முதற்படி. முன்கால் ஒன்று படியில் பட்டால் உணவு. பின்னர் இரு முன்கால்கள். பின்னர் நான்கு கால்கள். ஒவ்வொருமுறையும் நாய் கீழே இறங்கித் திரும்ப விடப்படுகிறது.
4. ஏறுதல். உணவைப் படியின் பரப்பில் வைப்பதால், நாய் தலையைத் தாழ்த்தித் தான் கால்வைக்கும் இடத்தைப் பார்க்கிறது. ஒரு படி, இரண்டு படிகள் என்று எண்ணிக்கை கூட்டப்படுகிறது.
5. இறங்குதல். கடைசிப் படியிலிருந்து பயிற்சி தொடங்குகிறது. நாய் ஏறி நிற்கும் கீழ்ப்படியிலிருந்து தரைக்கு இறங்குவதே முதற் பாடம். பின்னர் இரண்டாம் படி, மூன்றாம் படி என்று தொடக்க இடம் உயர்த்தப்படுகிறது. இவ்வாறு இறுதியிலிருந்து தொடங்கிக் கற்பிப்பதால், நாய் எப்போதும் தனக்குத் தெரிந்த பகுதியை நோக்கியே செல்கிறது.
6. பொதுமைப்படுத்தல். ஒரு படிக்கட்டில் தேர்ந்த நாய் வேறொன்றில் மீண்டும் தயங்கலாம். இடம், ஒளி, தரைப்பொருள் ஆகியவை மாறும்போது முதல் நிலைகளை விரைவாக மீளச் செய்தல் வேண்டும்.

பழக்குபவர் நாயின் பக்கவாட்டில், கைப்பிடிக்கு அருகே நிற்பது பாதுகாப்பானது. பெரிய நாய் இறங்கும்போது அதற்கு நேர்முன்னே நின்றால், அது பாய நேரிடின் இருவரும் விழக்கூடும்.

அச்சத்தின் அறிகுறிகள்

வாலை ஒடுக்குதல், காதுகளைப் பின்னோக்கி மடித்தல், உதட்டை நக்குதல், களைப்பின்றியே கொட்டாவி விடுதல், கண்ணின் வெண்பகுதி தெரியப் பக்கவாட்டில் பார்த்தல், நடுக்கம் ஆகியவை அச்சத்தின் அறிகுறிகளாகும். வழக்கமாக விரும்பும் உணவை மறுப்பது, அச்சம் எல்லை கடந்துவிட்டது என்பதைக் காட்டும். அப்போது முந்தைய நிலைக்குத் திரும்பி, எளிய செயலொன்றுடன் அவ்வேளைப் பயிற்சியை முடித்தல் வேண்டும். படிகளை ஒரே பாய்ச்சலில் தாவிக் கடப்பதைத் துணிவு என்று கொள்ளலாகாது. பல நாய்கள் அச்சத்தாலேயே அவ்வாறு விரைகின்றன. அவற்றுக்கு விழும் வாய்ப்பும் மிகுதி.

ஓய்வுபெற்ற பந்தய நாய்கள்

பந்தயத்துக்கென வளர்க்கப்படும் கிரேகவுண்டு நாய்கள் பெரும்பாலும் சமதரையில் அமைந்த கொட்டில்களிலேயே வாழ்வதால், மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடவல்ல அவை, வீட்டுப் படிக்கட்டின் முன் அசையாது நின்றுவிடுவது வழக்கம். ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2018 ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் நாய்ப்பந்தயத்துக்கு எதிராக வாக்களித்தனர். அதன்படி 2020 ஆம் ஆண்டின் இறுதிக்குள் அங்குப் பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. அந்நாய்கள் பல வீடுகளில் தத்தெடுக்கப்பட்டபோது, படிக்கட்டுப் பயிற்சியும் அவற்றின் புதுவாழ்வின் தொடக்கப் பாடங்களுள் ஒன்றாயிற்று.

இவ்வினத்துக்கு நீண்ட கால்களும் குறைந்த உடற்கொழுப்பும் இருப்பதால் விழுந்தால் காயம் கடுமையாகும். எனவே சிலர் நாயின் கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து அடுத்த படியில் வைத்து நடையின் வரிசையைக் காட்டுவர். மற்றொருவர் பின்னே நின்று உடலைத் தாங்குவார். கையால் தொடுவதை நாய் அமைதியாக ஏற்கும்போது மட்டுமே இம்முறை பொருந்தும்.

வழிகாட்டி நாய்கள்

பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களுக்குப் படிக்கட்டுப் பயிற்சி வேறொரு நோக்கம் உடையது. 1929 இல் தொடங்கப்பட்ட, ஐக்கிய அமெரிக்காவின் சீயிங் ஐ நிறுவனம் இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று. வழிகாட்டி நாய் படிக்கட்டின் தொடக்கத்தில் நின்றுவிடப் பழக்கப்படுகிறது. உடன்வருபவர் காலால் படியை உணர்ந்து கட்டளையிட்ட பின்னரே அது நகரும். நாய் அச்சத்தால் தயங்குமாயின் அத்தயக்கத்தையும் இவ்வறிவிப்பையும் பிரித்தறிய இயலாது. ஆதலால் படிகளில் முழுத் தன்னம்பிக்கை இங்கு இன்றியமையாதது.

குட்டிகளும் முதிய நாய்களும்

நார்வே நாட்டில் நியூபவுண்ட்லாந்து, லாப்ரடார், லியோன்பெர்கர், ஐரிசு ஓநாய்வேட்டை நாய் ஆகிய இனங்களில் நடத்தப்பட்டு 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பிறந்தது முதல் மூன்று மாத வயதுக்குள் படிக்கட்டுகளைப் பயன்படுத்திய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு மிகுதி எனக் கண்டறியப்பட்டது. எனவே பெரிய இனக் குட்டிகளுக்குத் தாழ்வான ஓரிரு படிகளை அறிமுகம் செய்வதோடு நிறுத்திக்கொள்வது தகும். நாள்தோறும் மாடிப்படிகளில் ஏறியிறங்க விடாமல் சிறு கதவு வைத்துத் தடுக்கலாம். முதிய நாய்களுக்கும், முதுகெலும்பு நோயுடைய நாய்களுக்கும் சாய்தளம், பின்னுடலைத் தாங்கும் துணிப்பட்டை, இரவு விளக்கு ஆகியவை உதவும். அவற்றுக்குப் படிகளைப் பழக்குவதைவிடப் படிகளைத் தவிர்க்க வழிசெய்வதே பல வேளைகளில் நன்மை தரும்.

காலஅளவு

சில நாய்கள் ஒரே நாளில் பழகிவிடுகின்றன. விழுந்த அனுபவமுடையவற்றுக்குப் பல வாரங்கள் ஆகலாம். நாய் படியின் அடியில் நின்று, யாரும் அழைக்காமலேயே, அவசரமின்றி ஒவ்வொரு படியாக ஏறி அவ்வாறே இறங்குவது பயிற்சி நிறைவுற்றதைக் காட்டும்.

இவற்றையும் பார்க்க

* ஆக்கநிலையுறுத்தல்
* கற்றறிந்த இயலாமை
* கிரேகவுண்டு
* வழிகாட்டி நாய்