பீரியட் பட ஹீரோயினுக்குப் பட்டு ஓகே... அதை நெய்த வீட்டுப் பெண்ணுக்கு?

பீரியட் படம்னாலே ஹீரோயினுக்கு ஒரு பட்டு கேரண்டி. உப்பரிகையில் நின்றாலும் சரி, ஆற்றங்கரைக்குக் குடத்தோடு வந்தாலும் சரி, ஜரிகை மின்ன, ஒரு மடிப்புகூடக் கலையாமல் வருவார். காதலன் முதன்முதலில் பார்க்கும்போது சேலைக்கும் சேர்த்து ஒரு குளோஸ்-அப் வைப்பாங்க. ஆனால், அந்தச் சேலையை நெய்த வீட்டிலும் ஒரு பெண் இருந்திருப்பாளே, அவளுக்கும் காதல் வந்திருக்குமே! அவளை எத்தனை படத்தில் பார்த்திருக்கீங்க?

ஆரணிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊருக்குப் பட்டுதான் அடையாளம், புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. நெசவாளர்னு சொன்னதும் தறியில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண்தான் நினைவுக்கு வருவார். ஆனால் ராட்டையில் தார் சுற்றுவது, அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுவது, பாவு பிணைக்க உதவுவது என வீட்டுப் பெண்கள் பார்க்கிற வேலை ஏராளம். பல வீடுகளில் தறியில் உட்கார்ந்து நெய்வதும் அவங்கதான். தார் இல்லாமல் நாடா ஓடினால் தறியில் சத்தம்தான் வரும், சேலை வராது.

சினிமாவுக்கு வருவோம். 'பொன்னியின் செல்வன்' (2022, 2023) குந்தவையையும் நந்தினியையும் நாம ரசிக்கக் காரணம் நகைகள் மட்டும் இல்ல. த்ரிஷாவுக்கும் ஐஸ்வர்யா ராய்க்கும் காதலோடு அரசியலும் இருக்கு. ஏகா லகானியின் உடை வடிவமைப்பும் பிரமாதம். ஆனால் ஒரு விஷயம். சோழர் காலப் பெண்ணுன்னு நம்ம மனசில் பதிந்திருக்கும் உருவத்தில் சிற்பங்களுக்கு எவ்வளவு பங்கு இருக்கோ, கிட்டத்தட்ட அதே அளவு பங்கு 1950-ல் கல்கியில் தொடர் ஆரம்பித்தபோது மணியம் வரைந்த படங்களுக்கும் இருக்கு. பத்தாம் நூற்றாண்டுன்னு நினைச்சு நாம பார்ப்பதில் பாதி, நம்ம தாத்தா பாட்டி காலத்துப் பத்திரிகை அழகு!

தறியும் அப்படித்தான். பெரிய பெரிய டிசைன்களைச் சுலபமாக நெய்யவைக்கும் ஜக்கார்டு பெட்டி, பிரான்ஸில் 1804 வாக்கில் வந்த கண்டுபிடிப்பு. அதற்கு முன்னாடி நூல்களைக் கையால் இழுத்துக்கொடுக்கவே தறிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேணும். ராணியின் முந்தானையில் தெரியும் ஒவ்வொரு அன்னப்பறவைக்கும் பின்னால் இரண்டு பேரின் உழைப்பு இருந்திருக்கும்.

உழைக்கும் பெண்ணையே ஹீரோயினாக்கியது பாலாவின் 'பரதேசி' (2013). வேதிகா நடித்த அங்கம்மாவின் காதலில் குறும்பும் உண்டு, பசியும் உண்டு. பளபளப்பே இல்லாத அந்தத் துணிகளுக்காகத்தான் பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது கிடைத்தது. என்ன, ஏழைப் பெண்ணாகக் காட்ட வேதிகாவின் முகத்தில் கறுப்பு மேக்கப் பூசியதைத்தான் என்னால் ஏத்துக்க முடியல. அந்த நிறத்திலேயே பிறந்த நடிகைகள் இங்கே இல்லையா என்ன?

ஆரணிக்கு ரொம்பவே நெருக்கமான படம், பக்கத்து காஞ்சிபுரத்தில் நடக்கும் பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்'. 2007-ம் ஆண்டுக்கான சிறந்த படம், சிறந்த நடிகர்னு இரண்டு தேசிய விருதுகள் வாங்கியது. பட்டு உடுத்திய பெண்ணைத்தான் கல்யாணம் பண்ணுவேன்னு சொன்ன நெசவாளி வேங்கடம் (பிரகாஷ் ராஜ்), சாதாரணச் சேலையில்தான் அன்னத்தை (ஸ்ரேயா ரெட்டி) அழைத்து வருகிறான். ஊருக்கெல்லாம் பட்டு நெய்பவனால் தன் மனைவிக்கு ஒன்று வாங்க முடியல. படத்தில் இவங்களுக்கு டூயட் கிடையாது. ஆனால் அன்னத்துக்குத் தர முடியாததை மகளுக்காவது தரணும்ங்கிற தவிப்பை வேறென்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க? அந்தத் தவிப்புதான் அவனைத் தினமும் கொஞ்சம் பட்டு நூலை வாயில் ஒளித்துத் திருடிவர வைக்குது.

இன்னும் படம் பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திக்கலாம். மகளின் கல்யாணம் நடக்கவே இல்லை. கடைசியில் அவள் உடல்மீதுதான் அந்தச் சேலையைப் போர்த்துகிறான். அப்போதும் அது நெய்து முடிக்கப்படாமல்தான் இருக்கு.