உங்களுக்குத் தெரியுமா? காலில் கட்டி, கோளாறு குடலில்!

● சீயமங்கலம் குடைவரைக் கோயிலைப் பார்த்துவிட்டுச் செஞ்சிப் பக்கம் வந்தால் கடலைக் கொல்லைகள்தான் கண்ணில் படும். அங்கே களை எடுக்கிறவரின் முழங்காலுக்குக் கீழே, முன்பக்கமாக, சிவந்து, தொட்டாலே வலிக்கிற கட்டிகள் நாலைந்து வந்தால் 'ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்' என்று விட்டுவிடுவார்கள். குடல் அழற்சியின் வெளி அடையாளமாகவும் அது இருக்கலாம். பெயர் எரித்தீமா நோடோசம். பெரும்பாலும் குடல் கிளம்பும்போது கிளம்பி, குடல் அடங்கினால் தானும் அடங்கிவிடும்.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. காசநோயிலும் இதே கட்டி வரும். தொழுநோயிலும் இதுபோல ஒன்று வரும். போதாக்குறைக்கு, குடல் காசநோயும் கிரோன் என்ற குடல் அழற்சி நோயும் எண்டோஸ்கோப்பியில் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆள்மாறாட்டத்தில் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் காசநோய் தலைவிரித்தாடும். டாக்டர் எக்ஸ்ரே, சதைப் பரிசோதனை என்று அலையவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

● கருவேல முள் குத்திய இடம் கொப்புளமாகி, ஓரம் கருநீலமாகி, நாளுக்கு நாள் அகலுகிறதா? பயோடெர்மா கேங்கிரினோசமாக இருக்கலாம். 1930இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இந்தப் பெயரை வைத்தபோது அவர்கள் பார்த்த நோயாளிகள் 5 பேர். அதில் 4 பேருக்குப் பெருங்குடலில் புண். 'பயோ' என்று பெயரில்தான் சீழ், கிருமிக்கு இதில் வேலையில்லை. சுரண்டிச் சுத்தம் செய்தால் புண் இன்னும் பெரிதாகும்.

● செங்கல்பட்டில் 1940களில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் தொழுநோயாளிகளுக்கு ஊசியாகப் போட்ட மருந்து டாப்சோன். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயில் முட்டி, முழங்கை, புட்டத்தில் அரித்தெடுக்கும் கொப்புளங்களுக்கும் அதே டாப்சோன்தான். அரிப்பு சில நாளில் நிற்கும், குடல் ஆறாது. அதற்குக் கோதுமையை விட்டே ஆக வேண்டும்.

2016இல் வெளியான இந்திய ஆய்வில் சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே, வேலூர்ப் பக்கம், 0.10 சதவீதம். நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய சமம். தட்டில்தான் வித்தியாசம்: அங்கே ஒரு நாளைக்குக் கோதுமை 455 கிராம், இங்கே 25. இட்லிக்கு ஒரு கும்பிடு!

● சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் கிரோன் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இரண்டையும் ஒருசேர அடக்கும் ஊசிகள் உண்டு. ஆனால் சொரியாசிஸுக்கு நன்றாக வேலை செய்யும் செக்குகினுமாப் கிரோன் நோயைக் கிளறிவிடக்கூடும்.

● தோல் டாக்டரிடம் போனால் வயிற்றுப்போக்கையும், மலத்தில் ரத்தம் போனால் அதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையோ புதுச்சேரி ஜிப்மரோ, எங்கே போனாலும் பழைய சீட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும்.