பட்டியோடு போன நாயும் மதிலுக்குள் நிற்கும் நாயும்

ஐம்பது வருசத்துக்கு முந்திய யாழ்ப்பாணத்தில் நாய்க்குக் கூடு கிடையாது. கிடுகு வேலியில் அது நுழைந்து போக ஒரு பொட்டு இருக்கும். நெல் வெட்டு முடிந்த அராலி வெளிக்கு ஆடுமாடு மேயப் போனால் நாயும் பின்னால் போகும், பொழுதுபடக் கூடவே திரும்பும். தோட்டத்தில் எருவுக்குப் பட்டி அடைக்கும் இரவுகளில் காவல்காரரின் காலடியில் கிடக்கும். சாதி நாயல்ல, ஊர் நாய்தான். மீன் தலையும் பழஞ்சோறும் அதன் சம்பளம்.

போர்க்காலத்தில் அதன் வேலை இன்னும் கனத்தது. ஒழுங்கை ஒழுங்கையாகக் குரைப்பு நெருங்கி வந்தால் படையினரின் சுற்றிவளைப்பு என்று விளங்கிவிடும். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது நாய்கள் வளவுகளில் நின்றுவிட்டன. அந்தக் கடனை நாங்கள் இன்னும் தீர்க்கவில்லை.

இன்று வேலி போய் மதில் வந்துவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் வயதான இருவர், காவலுக்கு ஒரு அல்சேஷன் குட்டி. ஆனால் இது வாசலில் படுத்திருக்கப் பிறந்த நாயல்ல, மேய்ப்பு நாய். 1899இல் ஜேர்மனியில் மக்ஸ் வொன் ஸ்ரெபானிற்ஸ் என்ற படை அதிகாரி செம்மறி மேய்த்த நாய்களிலிருந்து ஹொராண்ட் என்ற ஒன்றைத் தெரிந்தெடுத்து இந்த இனத்தை நிலைநிறுத்தினார். வேலியில்லாத வயலின் ஓரத்தில் நாள் முழுக்க மேலும் கீழும் ஓடி, மந்தை பயிருக்குள் இறங்காமல் தடுப்பதே அதன் தொழில். வேலிக்குப் பதில் ஒரு நாய்!

அந்தக் குணம் மதிலுக்குள் அடைத்தாலும் போகாது. இப்படியான வளவுகளில் மதிலோரமாகப் பாருங்கள்: புல் முளைக்காத ஒரு சாண் அகலத் தடம் இருக்கும். அது அந்த நாய் நடந்து நடந்து தேய்த்த எல்லை. வேலை கிடைக்காத மேய்ப்பு நாய் சைக்கிளைத் துரத்தும், ஓடும் பிள்ளையின் குதிக்காலைக் கவ்வும். அதை விசர் என்று சொல்லிச் சங்கிலியில் கட்டுகிறோம். கட்டக் கட்ட மூர்க்கம் கூடுகிறது.

வெயிலென்று அல்சேஷனின் மயிரைச் சிலர் ஒட்ட வழிக்கிறார்கள். அது பெரும் பிழை. இரண்டு அடுக்கு மயிர்தான் அதன் தோலை வெயிலிலிருந்து காக்கிறது. உள்மயிரைச் சீவி எடுத்தால் போதும். விடியமுன்னும் பொழுதுபட்ட பின்னும் நடத்துங்கள். தார் வீதி சுடும் நேரத்தில் வேண்டாம். காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தினமும் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் உயிரை எடுக்கும். எங்கள் வீடுகளில் பலருக்குத் தெரியாத ஒன்று: வெங்காயம் நாய்க்கு நஞ்சு, இரத்தத்தைக் கெடுக்கும். மிஞ்சிய கறியைச் சோற்றில் பிசைந்து வைப்பதை நிறுத்த வேண்டும். பார்வோ வைரசுக்கான தடுப்பூசியைக் குட்டிப் பருவத்திலேயே தொடங்க வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதி இலவசமாகவே போடுகிறது.

வீட்டுக்காரர் வெளிநாடு போனதும் தெருவில் விடப்படும் நாய்களுக்கு இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் சரணாலயம் இருக்கிறது. நல்ல காரியம், ஆனாலும் அங்கே அனுப்பலாம் என்ற நினைப்போடு குட்டி வாங்கக் கூடாது. கனடாவிலிருந்து குட்டிக்குக் காசு அனுப்பும் மகன், விடிய ஐந்து மணிக்கு அதை யார் நடத்துவது என்று அம்மாவிடம் முதலில் கேட்கட்டும். நடத்த ஆளில்லையென்றால் ஒழுங்கையில் திரியும் ஊர் நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கி வளருங்கள். இந்த வெக்கைக்கும் இந்தச் சோற்றுக்கும் பழகிய சாதி அது.