எரிவாயு யந்திரங்களும் மாசு அறிக்கையும்

புனே நகரில் எரிவாயுக் கிணறு எதுவும் இல்லை. எனினும் எரிவாயுவை அழுத்திச் செலுத்தும் கம்ப்ரெஸர் யந்திரங்களை அங்கு 1958-இல் தோன்றிய கிர்லோஸ்கர் நியூமாட்டிக் கம்பெனி செய்துவருகிறது. கிணற்று வாயுவைப் பக்குவம் செய்யும் ஆலைகளோ கடற்கரையில் உள்ளன. 1974-இல் கண்டறியப்பட்ட பம்பாய் ஹை வயலின் வாயு உரானுக்கு வருகிறது. இத்தகைய ஆலைகளின் யந்திரங்கள் வெளிவிடும் மாசின் அளவை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அவ்வறிக்கையை எளிதாக்க இயலுமா என்பது ஆராயத்தக்கது.

நீரகற்றும் யந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். கிணற்று வாயுவில் நீராவி கலந்திருக்கும். அதை நீக்காவிடில் குழாய்கள் அரிக்கப்படும். அழுத்தம் மிகுந்து குளிர்ச்சியும் சேர்ந்த இடங்களில் பனிக்கட்டியை ஒத்த திண்பொருள் உண்டாகிக் குழாயை அடைத்துவிடும். ஆகவே டிரைஎதிலீன் கிளைக்கால் என்னும் திரவத்தோடு வாயுவைக் கலந்துறவாட விடுகின்றனர். நீரை உறிஞ்சிய கிளைக்கால், சுமார் 200 டிகிரி செண்டிகிரேடுக்குச் சூடாக்கப்படுகிறது. நீர் ஆவியாகிப் போக, திரவம் மறுபடியும் பயன்படுகிறது. தொல்லை இங்கேதான். நீரோடு பென்ஸீன், டொலுவீன் முதலியவற்றையும் கிளைக்கால் கரைத்துக்கொள்கிறது. சூடேறுங்கால் அவையும் வெளியேறுகின்றன. பென்ஸீன் இரத்தப் புற்றுநோயை விளைவிக்கக் கூடியது.

வெளியேறும் பென்ஸீனின் அளவு, சுற்றிவரும் கிளைக்காலின் அளவை ஒட்டிக் கூடும், குறையும். வாயுவின் அளவு, சேர்க்கை, அழுத்தம், வெப்பநிலை, கிளைக்கால் சுற்றும் வேகம் ஆகியவை தெரிந்தால் மாசைக் கணக்கிட்டுவிடலாம். சேர்க்கைக்கு மட்டும் சோதனைச்சாலை வேண்டும். ஏனையவை யந்திரத்தை இயக்குவோர் அன்றாடம் குறித்துவைப்பவையே. தேவைக்கு மேல் கிளைக்காலைச் சுற்றவிடும் வழக்கமும் இக்குறிப்பிலேயே வெளிப்படும். அதைக் குறைத்தால் மாசும் குறையும், எரிபொருளும் மிஞ்சும்.

ஆனால் நடைமுறையில் இவ்வெண்கள் பல படிவங்களில் சிதறிப்போகின்றன. 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் ஆகியவற்றின்படி இசைவாணை வேண்டும். அபாயகரக் கழிவுகளுக்குத் தனி அனுமதி. ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் சுற்றுச்சூழல் அறிக்கை தரவேண்டும் என்ற விதி 1993-இல் உருவாயிற்று. ஒரே விவரம் ஓரிடத்தில் கிலோவாகவும் பிறிதோரிடத்தில் டன்னாகவும் எழுதப்பட்டால், முரண்பாடு தோன்றுவதில் வியப்பில்லை. யந்திரவாரியாக ஒரே பதிவேட்டை வைத்து, எல்லாப் படிவங்களையும் அதிலிருந்தே நிரப்புவது உழைப்பை மிச்சப்படுத்தும். எழுத்தர் தவறுகளும் குறையும்.

எண்கள் உண்மையாக இல்லாவிடில் இவ்வளவும் வீண். குஜராத்தின் அகமதாபாத், சூரத் வட்டாரங்களில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டிற்று. ஆலையே தேர்ந்தெடுத்துக் கூலி கொடுத்த தணிக்கையாளர்கள், புகைத்தூசி வரம்பை மீறியவை 7 சதவீத ஆலைகளே என்றனர்; மறுபரிசோதனையில் கண்டது 59 சதவீதம்! தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் அனுப்பி, பொது நிதியிலிருந்து கூலி தந்து, சிலரது வேலையை மீண்டும் சோதித்தபோது அறிக்கைகள் உண்மையை நெருங்கின. ஆலைகளின் மாசும் குறைந்தது. மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2017-இல் வேறொரு வழியைத் தொடங்கியது. புகைபோக்கித் தூசியின் அளவைக் கொண்டு ஆலைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் வழங்கி, அவற்றைப் பொதுமக்கள் அறிய வெளியிட்டது.

புகைபோக்கி வழியே வராத மாசும் உண்டு. வால்வு, குழாய் இணைப்பு, கம்ப்ரெஸரின் அடைப்பு வளையம் ஆகியவற்றில் கசியும் மீதேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பம் விளைவிப்பது. புகைபோக்கியில் பொருத்திய கருவிக்கு இது அகப்படாது. கையில் ஏந்தும் கசிவுமானி கொண்டோ, அகச்சிவப்புக் காமிரா கொண்டோ ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே பதிவேட்டில் ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் எண்ணும், சோதித்த தேதியும், கசிவு கண்டால் அதைச் சரிசெய்த தேதியும் இடம்பெற வேண்டியிருக்கிறது.