உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்க விவசாய மானியம்

● அமெரிக்க அரசு உழவர்களுக்குப் பெரிய அளவில் பணம் கொடுக்கத் தொடங்கியது விளைச்சலைக் கூட்டுவதற்காக அல்ல, குறைப்பதற்காக. விளைபொருளின் விலை அடிமட்டத்தில் கிடந்த 1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த ஆண்டே, வளர்ந்து நின்ற பருத்தியைச் சுமார் 1 கோடி ஏக்கரில் உழுது அழித்தார்கள். 60 லட்சம் பன்றிக்குட்டிகளைக் கொன்றார்கள். நிவாரண உணவாக மக்களுக்குப் போனது அதில் ஒரு பகுதிதான். நாடு முழுக்கப் பசி இருந்த காலம் அது.

● பருத்தியை அழித்ததற்கான பணம் யார் கைக்குப் போனது? நிலத்துக்காரர் கைக்கு. வாரக் குத்தகைக்கு உழுதவர்களுக்கு ஒதுக்கியதே சிறு பங்கு. அதுவும் பலருக்குப் போய்ச் சேரவில்லை. பயிரிடும் பரப்பு சுருங்கியதும், இனி ஆள் வேண்டாம் என்று குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பாயின்செட் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) டைரன்சா என்றொரு சிற்றூர். 1934 ஜூலையில் அதன் அருகே கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாகக் கூடி, தெற்கத்தியக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பள்ளியிலும் பேருந்திலும்கூட இரு இனத்தாரையும் பிரித்து வைத்திருந்த தெற்கில் இது உயிரைப் பணயம் வைக்கும் துணிச்சல். முன்னின்று உதவியவர்களில் ஒருவரான மிட்செல் சலவைக் கடை வைத்திருந்தார். மற்றொருவரான கிளே ஈஸ்ட் பெட்ரோல் பங்க் நடத்தினார். டைரன்சாவில் இன்று அந்தச் சங்கத்துக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

● 1936-ல் உச்ச நீதிமன்றம் 1933-ம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாது என்றது. 1938-ல் வேறு சட்டம் வந்துவிட்டது.

● நெல்லே விதைக்காமல் நெல்லுக்கான மானியம் வாங்க முடிந்தது. 1996-க்குப் பிறகு, ஒரு நிலத்தில் முன்பு பதிவான பயிரை வைத்தே பணம் கொடுத்தார்கள். டெக்சஸில் பழைய நெல் வயல்களில் வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கும் அது கிடைத்ததை 2006-ல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வெளிக்கொண்டு வந்தது. அந்த நேரடித் தொகையை 2014-ல் நிறுத்தினார்கள். ஆனால் பழைய பதிவுக் கணக்கு போகவில்லை. வேறு மானியங்கள் இன்னும் அதன் மேல்தான் நிற்கின்றன.

● இறந்தவர்களுக்கும் மானியம் போயிருக்கிறது. 1999 முதல் 2005 வரை 1.7 லட்சத்துக்கும் அதிகமான இறந்தவர்களின் பெயரில் 110 கோடி டாலர் கொடுக்கப்பட்டதை அரசுத் தணிக்கை அமைப்பே 2007-ல் கண்டறிந்தது. வாரிசுகளுக்குச் சிறிது காலம் பணம் போவதற்கு விதி உண்டு. ஆனால் அந்தத் தொகையில் 40 விழுக்காடு, இறந்து 3 ஆண்டோ அதற்கு மேலோ ஆனவர்கள் பெயரில் போயிருந்தது.

● சீனாவுடன் வரிச்சண்டை மூண்டபோது, 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டு இழப்பீடாக உழவர்களுக்கு ஏறத்தாழ 2,300 கோடி டாலர் கிடைத்தது. 2019-ல் கவுண்டிக்குக் கவுண்டி தொகை மாறியது: ஏக்கருக்கு 15 டாலர் முதல் 150 டாலர் வரை. ஒரே சோயா, ஒரே மண். கவுண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு தொகை.

● மானியமும் கடனும் கவுண்டி அலுவலகம் வழியாகவே வருகின்றன. கறுப்பின உழவர்களின் விண்ணப்பங்களை அங்கே இழுத்தடித்ததாக, மறுத்ததாகத் தொடர்ந்த வழக்கில் 1999-ல் உடன்பாடு ஏற்பட்டது. அப்போது விடுபட்டவர்களுக்காக 2010-ல் மேலும் 125 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 1920-ல் அந்நாட்டில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின உழவர்கள் இருந்தார்கள். இப்போது 50 ஆயிரம்கூட இல்லை. கடன் கிடைக்காமல் நிலத்தை இழந்த பலருக்கு இந்த இழப்பீடு காலம் கடந்து வந்த பணம்.

● எந்தக் கவுண்டியில் யார் எவ்வளவு மானியம் வாங்கினார் என்பதை அமெரிக்காவில் எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஒரு தன்னார்வ அமைப்பு அரசுப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கி அப்படித் திறந்து வைத்திருக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கு மட்டும் அந்த வசதி கிடையாது. பிரீமியத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல் அரசு கட்டுகிறது. ஆனாலும் பயனாளியின் பெயரை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. பொதுப்பணம் வாங்குபவரின் பெயர் பொதுவில் இருப்பதே நியாயம்.