குப்பை போகும் வழி – 9: நைரோபியின் பிளாஸ்டிக் கல்

சென்ற வாரம், வீசியெறிந்த தண்ணீர் பாட்டில் நூலாகி, பனியனாகித் திரும்பி வரும் வழியைப் பார்த்தோம். பெட் பாட்டிலுக்குக் காயலான் கடையில் மதிப்பு இருப்பதற்கு அதுதான் காரணம். எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் அந்த யோகம் கிடையாது. ஷாம்பு டப்பா மூடி, உடைந்த பக்கெட், இற்றுப்போன கயிறு, ரொட்டி சுற்றி வந்த உறை என்று எடுக்க ஆளில்லாத சரக்கு ஊர்தோறும் குவிந்து கிடக்கிறது. அந்தச் சரக்கைத் தரையில் பாவும் கல்லாக்கிய ஒரு பெண்ணைப் பார்க்க இந்த வாரம் கென்யாவின் தலைநகர் நைரோபிக்குப் போவோம்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைமையகம் இருக்கும் நகரம் அது. அதே நகரில்தான் டண்டோரா குப்பைமேடும் இருக்கிறது. 1975-ல் திறந்தார்கள். 2001-லேயே நிரம்பிவிட்டது என்று அறிவித்தும் விட்டார்கள். லாரிகள் வருவது மட்டும் நிற்கவில்லை. 2007-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அந்த மேட்டை ஒட்டி வாழும் 328 பிள்ளைகளைப் பரிசோதித்தது. அவர்களில் பாதிப் பேரின் ரத்தத்தில் ஈயம் வரம்பை மீறியிருந்தது. குப்பை என்பது கண்ணுக்கு அசிங்கம், மூக்குக்கு நாற்றம் என்பதோடு முடிகிற விஷயம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கென்யா அரசு சும்மா இருக்கவில்லை. 2017 ஆகஸ்ட் 28 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை விதித்தது. மீறினால் நான்கு ஆண்டு வரை சிறை அல்லது 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம். உலகிலேயே மிகக் கடுமையான தடைகளில் ஒன்று அது. ஆனால் தடை பையோடு நின்றது. பால் பாட்டிலும் எண்ணெய் கேனும் பக்கெட் மூடியும் தெருவுக்கு வந்துகொண்டேதான் இருந்தன.

நான் சொல்லவந்த பெண் நிசாம்பி மாட்டே. பொருளறிவியல் படித்த பொறியாளர். எண்ணெய்த் துறையில் தரவு ஆய்வாளராக வேலை. 2017-ல் அந்த வேலையை உதறிவிட்டு, சேமிப்பை எடுத்துக்கொண்டு, அம்மாவின் வீட்டுப் பின்கட்டில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் அமைத்தார். எந்திரச் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். ஓராண்டு பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். எந்தப் பிளாஸ்டிக் எதோடு சேரும், மணல் எத்தனை பங்கு என்று கண்டுபிடிக்கத்தான் அந்த அவகாசம். பிறகு அமெரிக்காவில் பயிற்சி பெறும் வாய்ப்பு வந்தபோது, அங்கே கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்திலும் இதே மணல் கணக்கைத்தான் சோதித்துப் பார்த்தார். இப்படிப் பிறந்தது ‘ஜெங்கே மேக்கர்ஸ்’ நிறுவனம்.

கல் எப்படி உருவாகிறது? முதல் வேலை பிரிப்பது. பால் பாட்டில், ஷாம்பு பாட்டில் வகையைச் சேர்ந்த அடர் பாலிஎத்திலீன், மெல்லிய உறைகளில் இருக்கும் அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன், கயிறும் பக்கெட்டும் ஆகிற பாலிபுரொப்பிலீன் ஆகிய மூன்றும் கூடைக்குள் வரலாம். பெட் பாட்டில் வரக்கூடாது. மற்றவை 110 முதல் 165 டிகிரிக்குள் உருகிவிடும். பெட் உருக 250 டிகிரி தாண்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று உருகி ஓடும்போது இன்னொன்று கட்டியாகவே நிற்கும். கல்லில் அந்த இடம்தான் முதலில் விரிசல் விடும். பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். அதை முதலில் சுவாசிப்பவர் அடுப்பருகில் நிற்கும் தொழிலாளி.

பிரித்ததைத் துண்டு துண்டாக்கி, மணலோடு கலந்து, சூடேற்றுகிறார்கள். மணலில் ஈரம் இருக்கக்கூடாது. இருந்தால் ஆவியாகி உள்ளே பொத்தல் விழும். கடலைமிட்டாயில் வெல்லப்பாகு செய்கிற வேலையை இங்கே உருகிய பிளாஸ்டிக் செய்கிறது. சிமென்ட் சொட்டுக்கூட இல்லை. களிபோல் வரும் கலவையை அச்சில் கொட்டி எந்திரத்தால் அழுத்தி எடுத்தால் கல் தயார். கான்கிரீட் பேவர் பிளாக்கை நாள்கணக்கில் தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும். இது சூடு தணிந்தவுடன் இறுகிவிடும்.

நைரோபியின் முக்குரு குடிசைப் பகுதியில் இருக்கும் தொழிற்பயிற்சிப் பள்ளியின் நடைபாதையில் இந்தக் கற்களைப் பாவியிருக்கிறார்கள். 2021-ல் அங்கே வந்த செய்தியாளர் முன் மாட்டே ஒரு கல்லைத் தூக்கி அதே தரையில் ஓங்கி அடித்துக் காட்டினார். கான்கிரீட்டைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு உறுதி என்பது அவர் சொல்லும் கணக்கு. மடங்குக் கணக்கு எப்படியானாலும், கான்கிரீட் அடி பட்டால் தெறிக்கும், பிளாஸ்டிக் கலந்த கல் அடியை வாங்கிக்கொள்ளும் என்பது பொருளின் இயல்பு. சதுர மீட்டர் சுமார் 850 ஷில்லிங்குக்கு விற்றார்கள். ஒரு நாளைக்கு 1,500 கற்கள். 2020-ல் ஐ.நா. அவருக்கு ‘பூமியின் இளம் சாதனையாளர்’ விருது கொடுத்தது. தகுதியான விருது.

இனி, பாராட்டோடு நிறுத்திக்கொள்ள முடியாத இடத்துக்கு வருகிறேன். தொடங்கியதிலிருந்து 2021 வரை அந்த நிறுவனம் கல்லாக மாற்றிய பிளாஸ்டிக் 20 டன். நைரோபி ஒரு நாளில் கழிக்கும் பிளாஸ்டிக் சுமார் 500 டன் என்று சொல்லப்படுகிறது. அதாவது நகரம் ஒரு மணி நேரத்தில் கொட்டியதை அகற்ற அந்தப் பெண்ணுக்கு நான்கு ஆண்டு ஆயிற்று. இது அவர் குறை இல்லை. உற்பத்தி செய்பவர் எதையும் சந்தைக்கு அனுப்பலாம், ஊரார் எதையும் தெருவில் போடலாம், யாரோ ஒருவர் அதைக் கல்லாக்கிவிடுவார் என்று நினைக்கிற நம் குறை.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கல்லின் இடம் தரை. முற்றம், நடைபாதை, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றுக்கு நல்ல பொருள். வீட்டுச் சுவருக்கு என்றால் நான் தயங்குவேன். மணல் எவ்வளவு சேர்த்தாலும் கல்லைப் பிடித்து வைத்திருப்பது பிளாஸ்டிக். தீப்பிடித்தால் அது இளகும், எரியும், நச்சுப்புகை விடும். தீக்காப்புச் சேர்மானமும் முறையான தீச்சோதனையும் இல்லாத பிளாஸ்டிக் செங்கல்லில் அடுப்படி கட்டக் கூடாது.

இந்தத் தொழில் நம் ஊர்ப்பக்கம் வரும்போது விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தெந்தப் பிளாஸ்டிக் சேர்த்தீர்கள்? பி.வி.சி. கலக்காமல் பிரித்தது யார், அவருக்கு என்ன கூலி கொடுத்தீர்கள்? அழுத்தச் சோதனைச் சான்று எங்கே? பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். தகர டிரம்மில் விறகு மூட்டிப் பிளாஸ்டிக்கை உருக்கிக் கல் செய்யும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. தயவுசெய்து அதை வீட்டு முற்றத்தில் செய்து பார்க்காதீர்கள். பிள்ளைகளையும் செய்ய விடாதீர்கள்.