கம்மலைக் கழற்றிக் கொடுத்த ஜானகி

1943. கோலாலம்பூரில் நேதாஜி பேசியதைக் கேட்ட 18 வயது ஜானகி, காதுக் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார். நேதாஜியின் பெண்கள் படையில் சேர விரும்பினார். பட்டாளத்துக்கா? அப்பா ஒப்பவில்லை. அந்தப் படையின் தளபதி கேப்டன் லட்சுமி நேரில் வந்து பேசிய பிறகே சம்மதக் கையெழுத்துப் போட்டார்.

ஜான்சி ராணிப் படை எனப்பட்ட அந்தப் படையின் துணைத் தளபதியாக உயர்ந்த ஜானகியுடன் அணிவகுத்தவர்களில் பலர் மலாயாத் தோட்டத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைப் பார்க்காமலே அதற்காகத் துப்பாக்கி தூக்கியவர்கள்! அவர்களில் பெரும்பாலோர் பெயர்கூடத் தெரியாமல் போனதுதான் வருத்தம்.

போருக்குப் பின் ஜானகி, பத்திரிகையாளர் ஆதி நாகப்பனை மணந்தார். அமைச்சரான கணவர் 1976இல் மறைந்தார். ஜானகிக்கு 2000இல் பத்மஸ்ரீ. 2014 மே மாதம் காலமானார்.

இனியும் பெயர்கள் மறைந்துபோகாமல் இருக்க, லெம்பா பெர்த்தாம் தோட்டத்து வீடுகளில் பட்டாளத்துப் பாட்டி, தாத்தா படம் இருந்தால், பின்பக்கம் பெயரும் ஊரும் எழுதி வையுங்கள்.